ஊசி போட்டா முட்டை நின்னுரும்

"தாத்தா, நம்ம செவலைக் கோழி பலூன் போட்டிருக்கு!"

போன சித்திரையில் ஒரு நாள் காலை, கொல்லைப்புறத்திலிருந்து பேத்தி கத்திக்கொண்டே ஓடி வந்தாள். அவள் உள்ளங்கையில் இருந்தது ஓடில்லாத முட்டை. தொட்டால் குழைகிறது, வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே மஞ்சள் கரு நிழலாகத் தெரிகிறது. எங்கள் பக்கம் இதைத் தோல் முட்டை என்பார்கள்.

முப்பத்திரண்டு வருடம் கால்நடை ஆய்வாளராக வேலை பார்த்துவிட்டு ஓய்வு பெற்றவன் நான். பழைய வழக்கம் போகுமா? செவலையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டு, பேத்தியைப் பக்கத்தில் உட்கார வைத்து, ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

முட்டை நின்றாலும் கெட்டாலும் முதலில் கேட்க வேண்டியது கோழியின் வயது. வெடைக்கோழி முதன்முதலாக இடும்போதும், கிழக்கோழி ஓயும்போதும் இப்படி ஒன்றிரண்டு வரும். செவலைக்கு இரண்டு வயதுகூட ஆகவில்லை. அடுத்தது, இறகு உதிர்க்கிறதா? உதிர்க்கும் கோழி முட்டையிடாது, இறகு முளைக்கவே அதன் சத்தெல்லாம் போய்விடும். செவலையின் இறகு முழுசாக இருந்தது. அடைக்கு உட்கார்ந்ததா? நாட்டுக் கோழி பத்துப் பன்னிரண்டு முட்டை இட்டதும் நிறுத்திவிட்டு அடைக்கு உட்காருவது அதன் இயல்பு, நோயில்லை. செவலையோ இன்னும் ஆறேழு முட்டைதான் இட்டிருந்தது. வயிற்றில் முட்டை மாட்டிக்கொண்டிருக்கிறதா என்று இடுப்பெலும்புகளுக்கு நடுவில் விரலால் மெதுவாகத் தடவிப் பார்த்தேன். இல்லை. எச்சத்தைப் பார்த்தேன், வெள்ளையோ பச்சையோ தண்ணீராகப் போகவில்லை. மூச்சு இழுக்கவில்லை. கழுத்து திருகவில்லை.

மிச்சம் இருந்தது சுண்ணாம்பும் வெயிலும். ஒரு முட்டை உருவாக ஏறத்தாழ 25 மணி நேரம் ஆகும். அதில் 20 மணி நேரம் ஓடு கட்டுவதற்கே போய்விடும். ஓடு என்பது பெரும்பாலும் சுண்ணாம்புச் சத்துதான். கடும் வெயிலில் கோழி வாயைத் திறந்து இளைத்துக்கொண்டே இருந்தால், இரத்தத்திலுள்ள கரியமில வாயு அளவுக்கு மேல் வெளியேறிவிடும். ஓடு கட்டுவதற்கு அந்த வாயுவும் வேண்டும். வெயில் காலத்தில் ஓடு மெலிவது இதனால்தான். தீனியும் குறைந்துவிடும்.

தண்ணீர்ச் சட்டியை முருங்கை நிழலுக்கு மாற்றினேன். பஞ்சாரத்தின் மேல் ஈரச் சாக்கைப் போட்டேன். கிளிஞ்சலை இடித்து ஒரு கொட்டாங்கச்சியில் தனியாக வைத்தேன். ஒன்பதாம் நாள் நல்ல முட்டை வந்தது. பேத்திக்கு அதோடு கதை முடிந்தது. எனக்கு முடியவில்லை. அந்தத் தோல் முட்டையைப் பார்த்ததிலிருந்து 1986-ம் வருடமே திரும்பத் திரும்ப ஞாபகத்துக்கு வந்துகொண்டிருந்தது.

அதைச் சொல்வதற்கு முன், ஒரு நோயின் கதையைச் சொல்ல வேண்டும்.

நம்மூரில் வெள்ளைக் கழிச்சல் என்றால் தெரியாதவர் இல்லை. மாசி, பங்குனியில் வரும். முதல் நாள் ஒரு கோழி தூங்கி விழும். இரண்டு மூன்று நாளில் வெள்ளையும் பச்சையுமாகக் கழியும். பிழைத்துக் கிடப்பதற்குக் கழுத்து திருகும், கால் இழுக்கும். ஒரு வாரத்தில் தெருவே துடைத்த மாதிரி ஆகிவிடும். விடியற்காலையில் சேவல் கூவாத தெருவில் ஒரு நாள் விழித்துப் பார்த்தவர்களுக்குத்தான் அந்த அமைதி என்னவென்று தெரியும்.

இந்த நோய்க்குப் புத்தகத்தில் பெயர் ராணிகேட். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு ஒரு குழப்பம் இருந்தது. எங்களுக்குத் தடுப்பூசி வருவது ராணிப்பேட்டையிலிருந்து. அங்கே 1932-ல் தொடங்கப்பட்ட கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம் இருக்கிறது. மருந்துக்கும் ராணிப்பேட்டை, நோய்க்கும் ராணிகேட் என்றால் அந்த ஊரில் முதலில் வந்த நோயாகத்தான் இருக்கும் என்று நானாக நினைத்துக்கொண்டேன். அப்படி ஒரு விவசாயியிடம் விளக்கமாகச் சொல்லியும் இருக்கிறேன்! ராணிகேட் என்பது இமயமலைப் பக்கம், குமாவோன் மலையில், இன்றைய உத்தரகண்டில் உள்ள ஒரு ஊர் என்பது பிறகுதான் தெரிந்தது. ராணியின் வயல் என்று பொருளாம்.

1926-ல் ஜாவா தீவிலும், இங்கிலாந்தில் நியூகாசில் துறைமுகப் பட்டணத்தை ஒட்டியும் இந்த நோய் கோழிகளைக் கொன்றது. ஜாவாவில் கிரானவெல்டும் இங்கிலாந்தில் டாயிலும் இதை விவரித்து எழுதினார்கள். உலகம் இதை நியூகாசில் நோய் என்றது. 1927-28 வாக்கில் ராணிகேட் பக்கம் கோழிகள் கொத்துக் கொத்தாகச் செத்தபோது, அதே மலைப்பகுதியில் முக்தேசுவரில் இருந்த அரசு கால்நடை ஆராய்ச்சி நிலையத்தின் எட்வர்ட்ஸ் அதை ஆராய்ந்து எழுதினார். நம் நாட்டில் அந்த ஊர்ப் பெயரே நிலைத்துவிட்டது. ஒரு மலையூர், தன் பெயரைக் கோழிச் சீக்குக்குக் கொடுத்துவிட்டு நிற்கிறது.

இதைக் குணப்படுத்த மருந்து அன்றும் இல்லை, இன்றும் இல்லை. தடுக்கத்தான் முடியும். நோய்க் கிருமியைக் கருவுற்ற கோழிமுட்டைக்குள் திரும்பத் திரும்ப வளர்த்து, அதன் வேகத்தைக் குறைத்து, அதையே தடுப்பூசியாகப் போடலாம் என்று 1940-ல் இங்கிலாந்தில் காட்டினார்கள் இருவர். ஒருவர் டாப்சன், இன்னொருவர் எஸ்.ஜி. ஐயர். அதே வழியில் இந்தியாவில் ஹேடோவும் இத்னானியும் ஒரு கிருமியைப் பழக்கி, 1946-ல் அதைப் பற்றி எழுதினார்கள். முக்தேசுவர் கிருமி என்று அதற்குப் பெயர். பாலஸ்தீனத்தில் கோமரோவ் என்பவர் பழக்கியது இன்னொன்று. இரண்டுமே நடுத்தர வேகமுள்ளவை. ஒரு முறை போட்டால் நல்ல எதிர்ப்புச் சக்தி வரும். ஆனால் இளம் குஞ்சு தாங்காது. எட்டு வாரம் கழிந்த பிறகே இறக்கையடியில் அரை மில்லி போட வேண்டும். இதெல்லாம் எங்களுக்குப் பயிற்சியில் சொல்லித் தந்தார்கள். முட்டையைப் பற்றிச் சொல்லித் தந்தார்களோ என்னவோ, நான் கவனிக்கவில்லை.

1983-ல் வேலைக்குச் சேர்ந்தேன். 1986-ல் திருமயம் பக்கம் ஒரு கிளை நிலையத்தில் இருந்தேன். புதுக்கோட்டை தனி மாவட்டமாகி அப்போது பன்னிரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. சுற்றிலும் வானம் பார்த்த பூமி. கண்மாய் நிறைந்தால் ஒரு போகம், நிறையாவிட்டால் அதுவும் இல்லை. அப்படிப்பட்ட வீடுகளில் பெண்கள் கையில் புழங்கும் காசு முட்டையும் கோழியும்தான். ஆடு மாடு விற்றால் ஆண்கள் கைக்குப் போகும். கோழி விற்ற காசு அஞ்சறைப் பெட்டிக்குள் போகும். சிறுவாடு என்பார்கள். உப்பு, புளி, பிள்ளைக்கு நோட்டு, திடீரென்று காய்ச்சல் வந்தால் பஸ் செலவு எல்லாம் அதிலிருந்துதான்.

தடுப்பூசி வேலை லேசானதல்ல. மருந்து உறைய வைத்து உலர்த்திய பொடியாகச் சின்னக் குப்பியில் வரும். ஒரு குப்பி நூறு கோழிக்கு. ஐஸ் போட்ட பிளாஸ்க்கில் வைத்து சைக்கிளில் கொண்டுபோக வேண்டும். கரைத்துவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடித்தாக வேண்டும், மிச்சத்தைக் கொட்ட வேண்டியதுதான். வீட்டுக்கு ஐந்தும் எட்டுமாக இருக்கும் கோழிகளை, அதுவும் விடிந்து பஞ்சாரத்தைத் திறந்துவிடுவதற்கு முன்னால், நூறு சேர்க்க வேண்டும். ஆகவே நான்கரை மணிக்கே ஊருக்குள் போய் நிற்பேன். எனக்கு அங்கே பெயரே "மாட்டாஸ்பத்திரித் தம்பி".

அந்த மாசி மாதத்தில், ஒரு ஊரின் கடைசித் தெருவில் ஒரு ஆத்தா இருந்தது. அறுபது வயதிருக்கும். பதினோரு கோழி. நான் ஊசியை எடுத்ததும் குறுக்கே நின்றது.

"வெடையளுக்கும் சேவலுக்கும் போடு தம்பி. முட்டை இடுறது நாலு இருக்கு. அதுகளுக்கு வேணாம். ஊசி போட்டா முட்டை நின்னுரும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. "ஊசிக்கும் முட்டைக்கும் என்ன ஆத்தா சம்பந்தம்? யாரோ சொன்னாங்கன்னு சொல்லாதீங்க."

"யாரும் சொல்லல. போன தடவ போட்டப்ப பாத்தேன்."

குப்பியைக் கரைத்தாகிவிட்டது. நேரம் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு நூறு கணக்கு முடிய வேண்டும். பேசிக்கொண்டே நாலையும் பிடித்துப் போட்டுவிட்டேன். ஆத்தா அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. நான் சர்க்கார் ஆள், சின்ன வயசு, படித்தவன். அது சொல்லாததற்கு அதுதான் காரணம்.

இரண்டு வாரம் கழித்து வேறொரு வேலையாக அந்தத் தெரு வழியாகப் போனேன். ஆத்தா கூப்பிட்டது. கோபமாக இல்லை. வீட்டுச் சுவரைக் காட்டியது. கோழிக்கு ஒரு வரிசையாகக் கரிக்கோடு. ஒரு கோடு ஒரு முட்டை. நாலு வரிசையும் நான் ஊசி போட்டு நாலைந்து நாளில் நின்றுபோயிருந்தன. ஒன்றில் ஐந்து கோடு, இன்னொன்றில் ஏழு. ஒரு வரிசையின் கடைசிக் கோட்டின் மேல் சின்ன வட்டம் போட்டிருந்தது.

"இது என்ன ஆத்தா?"

"தோல் முட்டை."

பிறகு அது சொன்னதை நான் இன்றுவரை மறக்கவில்லை. "அடைக்கும் உக்காரல. எறகும் கொட்டல. எரை திங்குது. பக்கத்து வீட்டுக் கோழி, நீ ஊசி போடாதது, இன்னமும் இடுது. அப்ப என்னத்தால நின்னுச்சு? நீயே சொல்லு."

செவலையை மடியில் வைத்துக்கொண்டு நான் பேத்திக்கு முன்னால் கேட்ட கேள்விகள் எல்லாம் அந்த ஆத்தா கேட்டவைதான். ஒவ்வொரு காரணமாக விலக்கி, ஊசி போட்ட கோழியையும் போடாத கோழியையும் ஒப்பிட்டு, எழுத்துத் தெரியாமலே கணக்கு வைத்து, அது முடிவுக்கு வந்திருந்தது. நான் ஏதோ வெயில் என்று முணுமுணுத்துவிட்டு வந்தேன்.

அந்தக் கோழிகள் மூன்று வாரத்துக்குப் பிறகு மறுபடி இட ஆரம்பித்தன. ஆனால் அதற்குள் தோல் முட்டையைத் தெருவே பார்த்துவிட்டது. அடுத்த வருடம் நான் பிளாஸ்க்கோடு போனபோது ஒரு வீட்டிலும் பஞ்சாரத்தைத் தூக்கவில்லை. "முட்டையைக் கெடுக்கிற ஊசி" என்று பெயர் விழுந்துவிட்டது. குப்பியைக் கரைக்காமலே திரும்பினேன். பங்குனியில் சீக்கு வந்தது. முதல் கோழி சுருண்டதும், வழக்கம்போல, மற்றவற்றை அவசர அவசரமாகச் சந்தைக்குக் கொண்டுபோனார்கள். அது ஒரு குற்றமில்லை, போகிற காசில் பாதியாவது மிஞ்சட்டும் என்கிற தவிப்பு. ஆனால் சீக்கும் கூடையிலேயே ஏறிச் சந்தைக்கும் அடுத்த ஊருக்கும் போயிற்று. அந்தத் தெருவில் முப்பது வீட்டுச் சிறுவாடு ஒரே வாரத்தில் குப்பைக்குழிக்குள் போனது. ஆத்தா வீட்டில், ஊசி போட்டிருந்த பழைய கோழிகளில் மூன்று மட்டும் தப்பித்து நின்றன.

"நீ அன்னிக்கே 'ஆமா ஆத்தா, கொஞ்ச நாளு நிக்கும், பெறகு இடும்'னு ஒத்த வார்த்தை சொல்லியிருந்தா, ஊரு முச்சூடும் போட்டிருக்கும்ல?" என்றது ஆத்தா. அவ்வளவுதான்.

அதற்குப் பிறகுதான் நான் மருந்துப் பெட்டியோடு வரும் ஆங்கிலத் தாளை வரிவரியாகப் படித்தேன், எங்கள் டாக்டரிடமும் கேட்டேன். நடுத்தர வேகமுள்ள தடுப்பூசியை முட்டையிட்டுக்கொண்டிருக்கும் கோழிக்குப் போட்டால், முக்கியமாக முன்பு சொட்டு மருந்து எதுவும் கொடுக்காத கோழிக்குப் போட்டால், கொஞ்ச நாள் முட்டை குறையும், ஓடு கெடும். உயிருள்ள கிருமிதானே, உடம்பு அதோடு மல்லுக்கட்டுகிற நேரத்தில் முட்டைக்கு ஓய்வு கொடுத்துவிடுகிறது. இது நோயல்ல, தானே சரியாகும். அந்தச் சுவரில் கரிக்கோட்டில் எழுதியிருந்ததுதான் புத்தகத்திலும் எழுதியிருந்தது.

இந்த ஆத்தாவை மூடநம்பிக்கை என்று சிரித்த எனக்கு, பிற்காலத்தில் இன்னொரு கதையும் தெரிய வந்தது. 1976-ல் நெதர்லாந்தில் பெரிய பெரிய பண்ணைகளில், பார்க்க நல்ல ஆரோக்கியமாக இருந்த கோழிகள் திடீரென்று ஓடில்லாத முட்டைகளாக இட ஆரம்பித்தன. அதற்கு "முட்டை வீழ்ச்சி நோய்" என்றே பெயர் வைத்தார்கள். வாத்துகளிடம் சாதாரணமாக இருக்கும் ஒரு வைரஸ்தான் காரணம் என்று கண்டுபிடித்தார்கள். அது கோழிக்கு எப்படி வந்தது? வேறொரு நோய்க்காக, வாத்துக் கருவின் செல்களில் வளர்த்துத் தயாரித்த தடுப்பூசி வழியாக வந்திருக்க வேண்டும் என்பதுதான் ஆய்வாளர்கள் பொதுவாக ஏற்றுக்கொள்ளும் விளக்கம். விஞ்ஞானிகளும் அங்கே ஆத்தா கேட்ட கேள்வியையே கேட்டிருக்கிறார்கள்: என்னத்தால நின்னுச்சு? அவர்கள் கேட்டதால் விடை கிடைத்தது.

தடுப்பூசி வேண்டாம் என்று சொல்ல இதை எழுதவில்லை. நேர்மாறாகத்தான் எழுதுகிறேன். அந்தத் தெருவில் பிழைத்தவை ஊசி போட்ட கோழிகள்தான்.

நான் என் வழக்கத்தை மாற்றிக்கொண்டேன். ஊசி எடுக்கும் முன், "முட்டை இடுறது எது, அடை எது, குஞ்சுத்தாய் எது?" என்று கேட்பேன். இடும் கோழியைத் தனியாக வைத்து, அடைக்கு உட்கார்ந்து குஞ்சு பிரிந்த பிறகு போடலாம் என்பேன். பக்கத்து ஊரில் சீக்கு வந்துவிட்டால் மட்டும், "முட்டை மூணு வாரம் நிக்கும், உசுரு நிக்கும், எது வேணும்?" என்று கேட்டுவிட்டுப் போடுவேன். ஒருவர்கூட மறுத்ததாக ஞாபகமில்லை. குஞ்சுகளுக்கு முதல் வாரத்திலேயே கண்ணிலும் மூக்கிலும் மென்மையான கிருமிச் சொட்டு மருந்து. இங்கிலாந்தில் 1950-களில் ஆஸ்ப்ளின் கண்டறிந்த எஃப் கிருமி அது. அப்படிக் கொடுத்து வளர்த்த கோழிக்குப் பிறகு ஊசி போட்டால் முட்டை அவ்வளவாகக் கெடுவதுமில்லை.

1991-92-ல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் வந்தது. பெண்கள் ராத்திரிப் பள்ளியில் எழுத்துப் படித்தார்கள், சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். அந்தச் சமயத்தில் நான் ஒரு அட்டையில் பெரிய எழுத்தில், "முட்டையிடும் கோழிக்கு ஊசி போட்டால் சில நாள் முட்டை நிற்கும். பிறகு இடும். பயம் வேண்டாம்" என்று எழுதிச் சாவடியில் மாட்டினேன். அதை எழுத்துக்கூட்டி உரக்கப் படித்தது அந்த ஆத்தாவின் மருமகள். ஆத்தா திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தது. "இத எழுத ஆறு வருசமா?" என்று கேட்டது. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஐஸும் பிளாஸ்க்கும் கிராமத்துக்குச் சரிப்படாது என்று உலகத்தில் பலரும் உணர்ந்திருந்தார்கள். ஆஸ்திரேலியாவில் ஸ்ப்ராட்புரோ என்ற பேராசிரியர், வெப்பம் தாங்கும் மென்மையான கிருமியைத் தீனியோடு கொடுக்கும் வழியை ஆசிய, ஆப்பிரிக்க கிராமங்களுக்காக வருடக்கணக்கில் ஆராய்ந்தார். நமது தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமும் நாட்டுக் கோழிகளுக்கென்றே வாய்வழிக் குருணைத் தடுப்பு மருந்தை உருவாக்கியது. இரையோடு இரையாகத் தின்றுவிடும், கோழியைத் துரத்திப் பிடிக்க வேண்டியதில்லை. இப்போது ஒவ்வொரு பிப்ரவரியிலும் கால்நடைத் துறை இரண்டு வாரம் இலவசக் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம் நடத்துகிறது. தேதி பார்த்து வைத்தவர்களைப் போல, சீக்கு வரும் பங்குனிக்கு முன்னால்.

கொல்லையில் நாலு கோழி வைத்திருக்கும் நண்பர்களுக்குச் சொல்ல நினைப்பது இதுதான். முட்டை நின்றால் உடனே மருந்துக் கடைக்கு ஓட வேண்டாம். வயது, அடை, இறகு, தீனி, வெயில், எச்சம் என்று வரிசையாகப் பாருங்கள். தோல் முட்டை ஒன்றிரண்டு என்றால் கிளிஞ்சலும் நிழலும் போதும். பல கோழிகள் ஒரே சமயத்தில் நிறுத்தினால், அல்லது கோணல்மாணலான முட்டைகள் தொடர்ந்து வந்தால், அது சீக்கின் முதல் அடையாளமாக இருக்கலாம். அரைகுறையாகத் தடுப்புச் சக்தி உள்ள கோழிகளில் ராணிகேட் சாவாக வராமல் முட்டைக் குறைவாக மட்டும்கூட வரும். அப்போது டாக்டரிடம் காட்டுங்கள். ஒன்றையும் சந்தைக்கு அனுப்பாதீர்கள்.

ஆத்தா போய்ச் சேர்ந்து ரொம்ப வருடமாகிறது. அந்த வீடும் இடிந்து, காங்கிரீட் வீடாகிவிட்டது. கரிக்கோடு போட்ட சுவர் இல்லை.

எங்கள் கொல்லைச் சுவரில் இப்போது பேத்தி சாக்பீஸால் கோடு போடுகிறாள். செவலைக்கு ஒரு வரிசை. பலூன் போட்ட அன்றைக்கு மட்டும் ஒரு சின்ன வட்டம். நான் சொல்லித் தந்ததுதான்.